அம்மம்மாவின்ர மேற்குப் பக்க அறையில வேலை மேசையை எங்க போடுறது?

கோண்டாவில்காரி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். லண்டன் கொம்பனி ஒண்டுக்கு வீட்டில இருந்து கணக்கு வேலை செய்யிறன். அவைக்குக் காலமை 9 மணி எண்டால் எங்களுக்கு இப்ப பின்னேரம் 2.30. பங்குனிக் கடைசியில அவை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினாப் பிறகு 1.30 ஆயிடும். நான் கதிரையில இருக்கேக்க வெயில் மேற்கால சரியத் தொடங்கும், எழும்பேக்க ராப் பத்து, பதினொண்டு. மூண்டு வருசமாச் சாப்பாட்டு மேசையில இருந்துதான் வேலை செய்தனான். இப்ப அம்மம்மா தன்ர பழைய அறையைத் தந்திருக்கிறா.

அறை 10 அடிக்கு 12. சிவப்புச் சீமெந்து நிலம், ஓட்டுக்கூரை, பனஞ்சிலாகை. யன்னல் ஒண்டுதான், அதுவும் மேற்குப் பாத்தது. மேசை அம்மப்பாவின்ர முதிரை மேசை. மேல்பலகையில மைக்கூடு வைச்ச வட்டம் கறுப்பாக் கிடக்கு, லாச்சியைத் திறந்தால் இப்பவும் பழைய கடுதாசி மணம். அதை மாத்த எனக்கு மனமில்லை.

யன்னலைப் பாத்து இருந்தால் வெயில் கண்ணில குத்துது. யன்னலுக்கு முதுகு காட்டினால் வீடியோவில என்ர முகம் கறுத்துப் போகுது, திரையிலயும் வெளிச்சம் தெறிக்குது. அதைவிடப் பெரிய கவலை சுவர். பழைய சுண்ணாம்புக்கல் சுவர். ரெண்டு வருசத்துக்கு முதல் நல்ல பெயின்ற் எண்டு ஒண்டு அடிச்சம், கீழ ரெண்டடிக்குப் பொங்கி உதிருது. விடியத் துடைச்ச மேசையில பின்னேரம் வெள்ளைத் தூள். ஆக்கள் காண்கிற அறை, வடிவாயும் இருக்கோணும். என்ன செய்யலாம்?

மரவேலை எழுதினது:

பிள்ளை, மேசையை யன்னலுக்கு நேரயும் வேண்டாம், எதிர்ப்பக்கமும் வேண்டாம். பக்கவாட்டில போடுங்கோ, யன்னல் உங்கட இடக்கைப் பக்கம் வரட்டும். வலக்கையால எழுதிற ஆளெண்டால் நிழலும் தாளில விழாது.

யன்னலுக்கு உள்ளுக்குத் துணி போட்டு வெக்கையை நிப்பாட்டேலாது, வெயில் உள்ளுக்கு வந்த பிறகுதானே துணியில படுது. வெளியில மறிக்கோணும். யன்னலுக்கு மேல பனையோலையால ஒரு சின்னப் பத்தி, அதாவது சாய்ப்புக் கூரை, இறக்குங்கோ. ஆனி, ஆடியில சூரியன் வடமேற்கால விழும், மார்கழியில தென்மேற்கால. அதால யன்னல் அகலத்துக்கு மட்டும் அளவா இறக்கினால் காணாது, ரெண்டு பக்கமும் ஒண்டரை அடி நீட்டி விடுங்கோ. ஆறு மணிக்குப் படுக்கிற வெயில் பத்திக்குக் கீழாலயும் வரும். அதுக்கு ஒரு தட்டியைக் கட்டி வைச்சு, அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் இறக்கி விட்டால் சரி.

மேசையில வயர் விடத் துளை போட்டிடாதேங்கோ. முதிரையில அந்தமாதிரி ஒரு பலகை இனிக் கிடையாது. பின் விளிம்புக்குக் கீழ ஒரு சட்டத்தைப் பொருத்தி வயரை அதில கட்டலாம். அதுக்கும் முதலில துளைச்சுப்போட்டுத்தான் ஸ்க்ரூ இறக்கோணும், நேர ஆணி அடிச்சால் மரம் வெடிக்கும். பழைய மேசையள் 30 அங்குலம் வரும், ரைப் பண்ணத் தோள் தூக்கும். காலை வெட்டாமல் கதிரையை உயர்த்துங்கோ. பாதத்துக்குக் குசினியில இருக்கிற பலகைக்கட்டை போதும்.

சுண்ணாம்பு எழுதினது:

சுவர் பற்றி மட்டும் சொல்லுறன் தங்கச்சி, எங்கட வீட்டிலயும் இதே கதைதான். அந்தக் கல் நிலத்து ஈரத்தை உறிஞ்சும், ஈரத்தோட உவரும் ஏறும். பிளாஸ்ரிக் பெயின்ற் ஈரம் வெளிய போற வழியை அடைச்சுப்போடும், உள்ளுக்கு உப்புப் பூத்துப் பெயின்றைத் தள்ளும். சீமெந்துப் பூச்சும் அதேதான். மாசி பிறந்திட்டுது, இப்ப சுரண்டி எடுங்கோ. பங்குனி முழுக்கக் காயட்டும். பூக்கிற உப்பைக் காய்ஞ்ச தும்புத்தடியால தட்டுங்கோ, தண்ணி விடாதேங்கோ. பிறகு நீர்த்த சுண்ணாம்பு, மெல்லிசா மூண்டு தரம். கொஞ்சம் நீலம் கலந்தால் வெள்ளை பளிச்செண்டு வரும். ஒரு சாமானையும் சுவரோட ஒட்டி வைக்காதேங்கோ, மூண்டு அங்குலம் இடைவெளி விட்டால் கறையானும் கண்ணில படும்.

இணுவில் தம்பி எழுதினது:

அக்கா, ரௌட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம். 2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருந்ததை மறக்கேலாது. ஐப்பசி, கார்த்திகையில இடி தொடங்கினால் பிளக்கைக் கழட்டி விடுங்கோ. ராவில தலைக்கு மேல ரியூப் லைற் மட்டும் எண்டால் கண்ணுக்குக் கீழ நிழல் விழும், முன்னுக்கு ஒரு மஞ்சள் லைற் வையுங்கோ.

கோண்டாவில்காரி எழுதினது:

ரெண்டு மாசம் கழிச்சு வாறன், குறை நினைக்காதேங்கோ. சுவர் காயும் வரைக்கும் அறையைத் தொடேல்லை. சுரண்டேக்க பெயின்றுக்குக் கீழ அம்மம்மா கலியாணம் கட்டி வந்த காலத்துப் பச்சைச் சுண்ணாம்பு தெரிஞ்சுது. அவ வந்து கையால தடவிப் பாத்தா. அதால வெள்ளையை விட்டிட்டு அந்தப் பச்சையையே திரும்ப அடிப்பிச்சன். தூள் நிண்டிட்டுது.

மேசை, மரவேலை அண்ணை சொன்ன மாதிரிப் பக்கவாட்டில. பத்தியும் இறக்கியாச்சு, நாலு மணிக்கும் மேசையில கை வைக்கலாம். வெறும் சீமெந்து அறையில குரல் எதிரொலிச்சுது, அதுக்குப் பனை அபிவிருத்திச் சபையின்ர கற்பகம் கடையில சாயம் போட்ட பனையோலைப் பாய் ரெண்டு வாங்கி முதுகுப் பக்கச் சுவரில தொங்கவிட்டன். எதிரொலி குறைஞ்சிட்டுது. லண்டனில இருக்கிறவை அது என்ன எண்டு கேட்டவை, பின்னுற விதத்தை அம்மம்மாவே கமராவுக்கு முன்னால வந்து காட்டினவ.

அண்ணை, இன்னும் ஒண்டு. வைகாசி பிறந்தால் சோளகம், அந்தத் தென்மேற்குக் காத்து, தொடங்கிடும், புழுதி முழுக்க இந்த யன்னலாலதான் வரும். யன்னலைப் பூட்டாமல் புழுதியை மட்டும் மறிக்க மெல்லிய வலைச்சட்டம் ஒண்டு செய்யலாமோ? யன்னல் 3 அடிக்கு 4 அடி.