தண்ணீர் தெளித்த செடிதான் அதிகம் கருகியது, ஏன்? உறைபனி தெரிந்தவர்கள் உதவவும்

பாலாடாக்காரன்:
வணக்கம். ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவில், எங்கள் ஹட்டிக்குக் (ஊருக்கு) கீழே பள்ளத்தில் முக்கால் ஏக்கர் நீர்போக (பாசனப் பருவ) உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். செடி ஒரு சாண் உயரம். போன வெள்ளிக்கிழமை ராத்திரி வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, காற்றும் இல்லை. உறைபனி நிச்சயம் என்று தெரிந்து 4 மணிக்கு ஸ்பிரிங்லரைப் போட்டேன். ஐந்தரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் இலை முழுக்க ஐஸ். இதற்கு மேல் விட்டால் செடி ஒடிந்துவிடும் என்று பயந்து மோட்டாரை நிறுத்திவிட்டேன்.

வெயில் ஏறியதும் போய்ப் பார்த்தால், தண்ணீர் பட்ட பாத்தியெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்குகிறது. ஸ்பிரிங்லர் எட்டாத மேல் ஓரத்தில் நுனி மட்டும்தான் கருகியிருக்கிறது!

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன், "தண்ணீர் உறையும்போது சூடு வெளியே வரும்ப்பா" என்கிறான். கை வைத்தால் விறைத்துப்போகிற தண்ணீரில் ஏது சூடு? ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் தண்ணீர்தான் தெளிக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எங்கே தப்பு செய்தேன்?

கோத்தகிரி தேயிலை:
அண்ணா, தண்ணீர் வேலையே வேண்டாம். நாங்கள் தாகை என்கிற காட்டுச் செடியை வெட்டி வந்து தேயிலை மேல் பரப்பி மூடிவிடுவோம். இல்லையென்றால் தோட்டத்து ஓரத்தில் சருகைக் கொளுத்திப் புகை மூட்டம் போடுங்கள்.

குன்னூர் வாத்தியார்:
தாகை சரி, புகை வேண்டாம் தம்பி. நிலமும் இலையும் ராத்திரி முழுக்கத் தங்கள் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் ஒரு பங்கு திரும்பி வரும். மூட்டமான ராத்திரியில் உறைபனி விழாதது அதனால்தான். தாகை செடிக்கு ஒரு கூரை. புகைத் துகளோ அந்தக் கதிரின் அலைநீளத்தை விட ரொம்பச் சின்னது, கதிர் பாட்டுக்கு ஊடே போய்விடும். இருமல்தான் மிச்சம்.

பாலாடாக்காரரே, உங்கள் மகன் சொன்னது சரி. பூஜ்ஜியம் டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் அதே பூஜ்ஜியத்தில் ஐஸாக மாறும்போது 334 கிலோஜூல் வெளியே விடுகிறது. தெர்மாமீட்டர் அசையாது, ஆனால் சூடு வருகிறது. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோகவே ஏறக்குறைய அவ்வளவுதான் செலவாகும். (ஊட்டியில் 93 டிகிரி பக்கம் வந்தாலே கொதித்துவிடும், அது வேறு கதை.) புதிதாக விழும் தண்ணீர் உறைந்துகொண்டே இருக்கும் வரை இலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். உருளை இலை அதைத் தாங்கும். அதற்கும் ஒன்றிரண்டு டிகிரி கீழே போனால்தான் இலைக்குள்ளே ஐஸ் கட்டிச் செத்துப்போகிறது.

ஐந்தரைக்கு மோட்டாரை நிறுத்தினீர்களே, அங்கேதான் தப்பு. சூடு வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. வானத்துக்குப் போவது ஒரு செலவு. ஈரம் ஆவியாவது இன்னொன்று, அது பெரிய செலவு: ஒரு லிட்டர் ஆவியாக 2,500 கிலோஜூல் பக்கம் பிடுங்கும். ஏழரை லிட்டர் உறைந்து கொடுத்ததை ஒரே லிட்டர் ஆவியாகித் தின்றுவிடும். விடிகிற நேரம்தான் ராத்திரியிலேயே அதிகக் குளிர், நீங்கள் நிறுத்தியது அதற்கும் முன்னால்.

மேல் ஓரம் தப்பியதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். நனையாத இலை பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழே போயும் உறையாமல் தாக்குப்பிடிக்கும். மேலே ஐஸ் ஒட்டியிருந்தால் உள்ளேயும் சீக்கிரம் உறைய ஆரம்பித்துவிடும். அப்புறம், குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும்.

ஒன்று கேட்க வேண்டும். ஐஸ் கண்ணாடி மாதிரி இருந்ததா, பால் மாதிரி இருந்ததா?

பாலாடாக்காரன்:
பால் மாதிரி வெள்ளை, சார். ஸ்பிரிங்லர் தலை ஒரு சுற்று வர இரண்டு நிமிஷம் ஆகும்.

குன்னூர் வாத்தியார்:
அப்படியானால் தண்ணீரும் போதவில்லை. போதுமான அளவு விழுந்தால் ஐஸ் தெளிவாக இருக்கும், நுனியில் சொட்டிக்கொண்டும் இருக்கும். தலை ஒரு நிமிஷத்துக்குள் சுற்றி வர வேண்டும். லேசான உறைபனிக்கே மணிக்கு இரண்டரை மில்லிமீட்டராவது விழ வேண்டும். முக்கால் ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 7,500 லிட்டர். உங்கள் தொட்டி எவ்வளவு?

பாலாடாக்காரன்:
20,000 லிட்டர். மூன்று மணி நேரத்துக்குக்கூட வராது!

பூம்பாறை பூண்டு:
கொடைக்கானல் மலையிலிருந்து ஒரு வார்த்தை. முழுத் தோட்டத்துக்கும் ஆசைப்படாமல் கால் ஏக்கரை மட்டும் காப்பாற்றுங்கள். மீதிக்கு முந்தின நாளே மண் நனையத் தண்ணீர் கட்டுங்கள். ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும், ராத்திரி அடியிலிருந்து மேலே கடத்தவும் செய்யும். உலர்ந்து பொலபொலவென்று கிடக்கும் மண்ணில் இரண்டும் நடக்காது. கரண்ட் போகிற இடமென்றால் தெளிக்க ஆரம்பிக்கவே வேண்டாம். பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

குன்னூர் வாத்தியார்:
நல்ல யோசனை. ஆரம்பிக்கும் நேரத்துக்கு ஒரு வழி: தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணி சுற்றிச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள். துணி ஆவியாகிக் குளிர்வதால் சாதாரண அளவை விடக் குறைத்துக் காட்டும். தெளித்த இலை முதலில் அந்த அளவுக்குத்தான் இறங்கும். அது பூஜ்ஜியத்தைத் தொடும் முன்பே மோட்டாரைப் போட வேண்டும். வெயில் வந்து ஐஸ் கழன்று விழும் வரை நிறுத்தாதீர்கள்.

பாலாடாக்காரன்:
நேற்று ராத்திரி மறுபடி உறைபனி. ஸ்பிரிங்லர் தலையை மாற்றிவிட்டேன். ஈரத்துணி தெர்மாமீட்டர் 1 டிகிரி காட்டியபோது மணி 3. மகன்தான் டார்ச் பிடித்தான். கால் ஏக்கருக்கு மட்டும் 8.20 வரை ஓட்டினேன். விடியும்போது ஒவ்வொரு இலையும் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி, நரம்புகூடத் தெரிந்தது. ஐஸுக்கு அடியில் தண்ணீர் நெளிந்து ஓடுவதும் தெரிந்தது. மூன்று நாலு செடி பாரம் தாங்காமல் சாய்ந்தது, மற்றதெல்லாம் பச்சை. மண் நனைத்த பக்கம் அங்கங்கே நுனிக் கருகல்.

முன்பு வெந்துபோன பாத்திகளை உழுதுவிடவா?

பூம்பாறை பூண்டு:
பொறுங்கள். விதைக்கிழங்கைத் தோண்டி அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உள்ளே மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, அதைத் தின்று மறுபடி துளிர்க்கும். அழுகியிருந்தால் உழுங்கள்.

பாலாடாக்காரன்:
ஐந்து இடத்தில் தோண்டினேன். நாலு கெட்டி, ஒன்று கொழகொழ. விட்டுவைக்கிறேன்.