பித்தப்பையில் கல் இருப்பவருக்கு உடற்பயிற்சியால் பலன் உண்டா?

உறையூர் கோச்:
ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மணிக்காகக் கேட்கிறேன். வயது 43, எடை 84 கிலோ, உயரம் 156 செ.மீ. சுகர் இன்னும் நோயாகவில்லை, ஆனால் வரம்பின் விளிம்பில் நிற்கிறது. வேறு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் பித்தப்பைக்குள் பல கற்கள், பெரியது 8 மி.மீ. பித்தப்பைச் சுவர் 2.5 மி.மீ., பித்தக்குழாய் விரியவில்லை, கிரேடு 1 ஃபேட்டி லிவர். இதுவரை வலியே வந்ததில்லை. "தொந்தரவு இல்லாதவரை ஆபரேஷன் வேண்டாம், எடையைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தொடர்ந்து பயிற்சி செய்தால் கல் கரையுமா? ஸ்கிப்பிங், ஜம்பிங் ஜாக் கொடுத்தால் கல் நகர்ந்து எங்காவது அடைத்துக்கொள்ளுமா? அவர் மூன்று மாதத்தில் 20 கிலோ குறைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார், அதற்கேற்ப டயட் போடலாமா? வீட்டில் தினமும் வாழைத்தண்டு ஜூஸ் கொடுக்கிறார்களாம், அதைத் தொடரலாமா?

கத்திமுனை:
கல் கரையாது. இதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் வியர்வை சிந்திவிட்டு மறு ஸ்கேனில் அதே 8 மி.மீ.யைப் பார்த்து ஜிம்மையே விட்டுவிடுவார்.

பயிற்சிக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி 30 முதல் 50 மி.லி. கொள்ளளவுள்ள பித்தப்பைக்குப் போய், நீர் உறிஞ்சப்பட்டுக் கெட்டியாகிறது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கல்லீரல் பித்தநீருக்குள் கொலஸ்ட்ராலை அளவுக்கு மீறித் தள்ளும். கரைத்து வைத்திருக்க வேண்டிய பித்த உப்புக்கு அது மிஞ்சிப்போனால் படிகமாகும். பை சோம்பிக் கிடந்து முழுசாகக் காலியாகாவிட்டால் அந்தப் படிகம் அங்கேயே தங்கிக் கல்லாகும். உங்கள் ஆளுக்கு இடுப்புப் பருமன், எல்லையில் சுகர், ஃபேட்டி லிவர் மூன்றும் சேர்ந்திருக்கின்றன, மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். பயிற்சி தொடுவது அந்த வேரை. இன்சுலின் எதிர்ப்பும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் இறங்கும், குடலும் சுறுசுறுப்பாகும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 40 முதல் 65 வயதுக்குள் இருந்த சுமார் 60,000 நர்ஸ்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999-இல் வெளியான ஆய்வில், அதிகம் உடலசைத்தவர்களுக்குப் பித்தப்பை அகற்றும் ஆபரேஷன் தேவைப்பட்டது மிகக் குறைவாக அசைந்தவர்களைவிட 31% குறைவு. வேலையிலும் வண்டியிலுமாக வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்தவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டு ஆண்களை வைத்து வந்த ஆய்வு, வாரம் ஐந்து நாள் முப்பது நிமிடம் பயிற்சி செய்தால் தொல்லை தரும் பித்தக்கற்களில் 34% வராமலே தடுக்கலாம் என்று கணக்கிட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: இவர்கள் எல்லாரும் ஆரம்பத்தில் பித்தக்கல் நோய் இல்லாதவர்கள். ஏற்கெனவே கல் இருப்பவருக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கி வைக்க முடியாது. கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் கல் உருவாவது குறையவும் இல்லை.

எல்லாக் கல்லும் கொலஸ்ட்ரால் கல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வட இந்தியாவோடு ஒப்பிட்டால் நம் பக்கம் பித்த நிறமி கட்டிய கறுப்பு நிறப் பிக்மென்ட் கல்லும் கலப்புக் கல்லும் கூடுதல். ரத்த அணு சீக்கிரம் உடையும் நோய், கல்லீரல் சுருக்கம் போன்றவற்றால் வரும் பிக்மென்ட் கல்லுக்கு டிரெட்மில் எதுவும் செய்யாது.

குதித்தால் கல் நகருமா என்ற பயம் தேவையற்றது. கல்லை வாசலுக்குத் தள்ளுவது குலுக்கல் அல்ல, பை சுருங்குவது. கொழுப்பும் புரதமும் உள்ள உணவு சிறுகுடலின் தொடக்கத்தை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து பையைப் பிழியும், அப்போதுதான் கல் பையின் கழுத்தில் சிக்கும். அதனால்தான் ராத்திரி பிரியாணி சாப்பிட்டுப் படுத்தவருக்கு நடுச்சாமத்தில் வலி வருகிறது, ஸ்கிப்பிங் ஆடியவருக்கு வருவதில்லை. ஆனாலும் 84 கிலோவில் ஸ்கிப்பிங் வேண்டாம். காரணம் முழங்கால்.

வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர் எல்லாம் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் யோசனைகள். பித்தநீர் சிறுநீரகம் வழியாகப் போவதே இல்லை. நார்ச்சத்துக்காகக் கூட்டாகச் செய்து சாப்பிடட்டும், கல்லுக்காக வேண்டாம்.

அளவுச் சாப்பாடு:
நான் பேச வேண்டியது அந்த 20 கிலோவைப் பற்றி. மூன்று மாதம் என்றால் பதின்மூன்று வாரம், வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. சரியாக அந்த வேகத்தைத் தாண்டும்போதுதான் பித்தக்கல் ஆபத்து செங்குத்தாக ஏறுகிறது. சேமித்து வைத்த கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதிலுள்ள கொலஸ்ட்ரால் கல்லீரல் வழியாகப் பித்தநீரில்தான் இறங்கும். கூடவே சாப்பாட்டில் கொழுப்பே இல்லையென்றால் பை சுருங்காமல் தேங்கிக் கிடக்கும். ஜிம் டயட்டில் வழக்கமாக நடப்பதே இதுதான்: காலையில் வெறும் பிளாக் காபி, மதியம் முட்டை வெள்ளைக்கரு, ராத்திரி வெள்ளரிக்காய். எடை இறங்குவதைப் பார்த்து எல்லாரும் கைதட்டுவார்கள். மூன்றாவது நான்காவது மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேசுவாலிட்டிக்குப் போவார்கள்.

இவருக்கு வாரம் அரைக் கிலோ போதும், முக்கால் கிலோ என்றால் தாராளம். 84-இல் 5 முதல் 10 சதவீதம், அதாவது நாலு முதல் எட்டுக் கிலோ குறைந்தாலே சுகரும் ஃபேட்டி லிவரும் நன்றாக மாறும். இப்போது சாப்பிடுவதில் நாளுக்கு 500 கலோரி குறையுங்கள். 800 கலோரிக்குக் கீழே போகும் திட்டத்தை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது. பருமன் ஆபரேஷன் செய்தவர்களுக்கு அந்த வேகமான இறக்கத்தின்போது அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை சில மாதம் கொடுப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். அதை ஜிம்மில் யாரும் சிபாரிசு செய்யாதீர்கள், எழுதித் தர வேண்டியவர் டாக்டர்.

ஒரு வேளையாவது பத்து கிராம் கொழுப்பு இருக்கட்டும். இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் அது வந்துவிடும். தோசைக்கல்லில் ஒன்று, தாளிப்பில் ஒன்று. வலி இல்லாதவருக்கு இது பையைத் தினமும் காலியாக்க உதவும். அதே பெண்மணிக்கு நாளை வலி தொடங்கிவிட்டால் கதை வேறு. அப்போது பரோட்டா சால்னா, பஜ்ஜி, தேங்காய்ப்பால் குழம்பு போல ஒரே வேளையில் கொழுப்பைக் கொட்டும் சாப்பாடுதான் வலியைத் தூண்டும்.

16 மணி நேர உபவாச முறை கல் உள்ளவருக்கு ஒத்துவராது. பட்டினி நீள நீளப் பித்தநீர் கெட்டியாகும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டால் காலை எட்டுக்குள் டிபன் முடித்துவிடச் சொல்லுங்கள். சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருப்பவராக இருந்தால் அதையும் கேட்டு வையுங்கள். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ, கீட்டோ டயட்கள் இரண்டு பக்கமும் அடிக்கும்: எடையும் வேகமாக இறங்கும், ஒவ்வொரு வேளையும் பை பலமாகப் பிழியப்படும்.

உறையூர் கோச்:
மிக்க நன்றி. இதுவரை நான் போட்டு வைத்திருந்த டயட் சார்ட்டைக் கிழித்துப் போடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். பயிற்சியின் நடுவே வலப்பக்கம் பிடித்தால் அது கல் வலியா, சாதாரணப் பிடிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் யூடியூபில் பார்த்துவிட்டு ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் வெளியேறும் என்கிறார். என்ன பதில் சொல்ல?

கத்திமுனை:
அந்தப் பச்சை உருண்டைகளைப் பரிசோதனைக்கூடத்தில் பார்த்தாகிவிட்டது. பெரும்பகுதி கொழுப்பு அமிலம். குடித்த எண்ணெய் குடலில் ஜீரண நொதியோடும் எலுமிச்சையோடும் சேர்ந்து கட்டிய சோப்பு உருண்டை அது. இளஞ்சூட்டில் உருகிவிடும், நிஜக் கல் உருகாது. ஒரு டம்ளர் எண்ணெய் ஒரே மடக்கில் போனால் பை முழு பலத்தோடு சுருங்கும். 8 மி.மீ. கல் கழுத்தில் மாட்டலாம். அதைவிட எனக்குப் பயம் அவரிடமுள்ள சின்னக் கற்களைப் பற்றி. 5 மி.மீ.க்குக் குறைந்தவை பொதுப் பித்தக்குழாய்க்குள் நழுவிக் கணையத்தின் வாயை அடைத்தால் பான்கிரியாடைடிஸ் என்ற கணைய அழற்சி, ஐசியு வரை போகிற விஷயம். "சின்னக் கல்தானே" என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

வலியைப் பிரித்தறிய: சாதாரணப் பிடிப்பு விலா ஓரத்தில் குத்தும், நின்று மூச்சை மெதுவாக விட்டால் சில நிமிடத்தில் போய்விடும். கல் வலி மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்கமோ ஏறி, வலது தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் போகும். நின்றாலும் உட்கார்ந்தாலும் திரும்பிப் படுத்தாலும் மாறாது. குறைந்தது அரை மணி நேரம், சில சமயம் நாலைந்து மணி நேரம் ஒரே சீராக நிற்கும், குமட்டல் கூட வரும். "கேஸ்" என்று சோடா குடித்துச் சமாளிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, கோச்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. நடக்கும்போது மேல்வயிற்றில் அழுத்தம் வந்து, நின்றால் ஐந்து பத்து நிமிடத்தில் விட்டு, மறுபடி நடந்தால் மறுபடி வந்தால், பித்தப்பையை மறந்துவிடுங்கள். அது இதயம். நாற்பதைத் தாண்டிய, சுகர் எல்லையில் இருக்கும் ஒருவருக்கு அன்றே இசிஜி எடுக்க வேண்டும். நிறுத்தியும் விடாமல் வியர்த்துக் கொட்டினால் ஆம்புலன்ஸ்தான், வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பதெல்லாம் கிடையாது.

கல் வலி ஐந்து மணி நேரத்தைத் தாண்டினாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன் டீ நிறத்துக்குப் போனாலோ உடனே ஆஸ்பத்திரி.

பிசியோ டேபிள்:
பயிற்சித் திட்டம் நான் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் நடை. வேகம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நான்காவது வாரத்துக்குள் ஒரே மூச்சில் முப்பது நிமிடம், வாரம் ஐந்து நாள். வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், சுவர் புஷ்-அப், ரப்பர் பேண்ட் இழுவை, ஒவ்வொன்றும் 10 முதல் 12 முறை, இரண்டு செட். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் இடைவெளி கொடுங்கள். அவர் வேலை உட்கார்ந்து செய்வதா என்று கேளுங்கள். அப்படியென்றால் முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பதும் திட்டத்தில் சேர்த்தி. அர்த்த மச்சேந்திராசனம் பித்தப்பையை "மசாஜ்" செய்யும் என்று சொல்லி விற்காதீர்கள், முதுகு வளைய நல்லது, அவ்வளவுதான்.

வலி வந்து ஆபரேஷன் வரை போனால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்கட்டும். லேப்ராஸ்கோப்பியில் வழக்கமாக நாலு துளை, தொப்புளில் போடுவது பெரும்பாலும் 10 மி.மீ. அன்று மாலையோ மறுநாள் காலையோ நடக்க வைப்பார்கள். முதல் இரண்டு மூன்று நாள் தோள் வலிக்கும், வயிற்றில் ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. சின்னச் சின்ன நடைதான் அதற்கு மருந்து. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் வாரம் நாளுக்கு நாலு தடவை பத்து நிமிடம், இரண்டாவது வாரம் அரை மணி நேர நடை.

சறுக்குவது இதற்குப் பிறகு. தழும்பு சின்னதாக இருப்பதால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று நினைத்துக் குடம் தூக்குவார்கள். ஒரு நிறை குடம் பன்னிரண்டு கிலோவுக்கு மேல். நாலு வாரம் வரை ஐந்து கிலோ எல்லை, அதாவது பாதி பக்கெட்டுக்கும் குறைவு. நாலாவது வாரம் டாக்டர் பார்த்த பிறகு லேசான டம்பெல். பிளாங்க், சிட்-அப், டெட்லிஃப்ட், கபாலபாதி எல்லாம் ஆறு வாரம் கழித்து. மூச்சை அடக்கித் தூக்கினால் அழுத்தம் முழுவதும் தொப்புள் துளையில்தான் விழும், ஹெர்னியா வருவது அங்கேதான். ஸ்கூட்டர் கேட்டால், வலியில்லாமல் சட்டென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்ற முடிகிறதா என்று நிறுத்திய வண்டியில் உட்கார வைத்துப் பாருங்கள். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, பாரம் தூக்க குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம், அதுவும் சர்ஜன் சொன்ன பிறகு.