புதுப்பிப்பு: அம்மாவின் படபடப்புக்குக் காரணம் மெக்னீசியம் குறைவு

அம்மாவுக்கு இதயம் தப்பித்தப்பித் துடிக்கிறது, பொட்டாசியம் கொடுத்தும் ஏறவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "கேஸ் மாத்திரை எத்தனை வருஷமாகப் போடுகிறார்? மெக்னீசியம் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி.

சேலம் அஸ்தம்பட்டியில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மெக்னீசியம் 0.9 mg/dL தான் இருந்தது; 1.7க்கு மேல் இருக்க வேண்டும். ஆறு வருஷமாகத் தினமும் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரை போடுகிறார். அது குடலில் மெக்னீசியம் சேரவிடாது. பிரஷருக்கான நீர் மாத்திரை வேறு சிறுநீரில் வெளியேற்றியிருக்கிறது. அட்மிட் செய்து டிரிப்பில் மெக்னீசியம் ஏற்றினார்கள். அப்புறம்தான் பொட்டாசியமும் உடம்பில் நின்றது, ஈசிஜி சீரானது. டாக்டர் கேஸ் மாத்திரையை மாற்றிவிட்டார்.

எதிர்பாராத ஒன்று: பூ கட்டும்போது அம்மாவின் விரல்கள் இழுத்துக்கொள்ளும். வயசு என்று விட்டிருந்தோம். அதுவும் நின்றுவிட்டது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெக்னீசியம் டெஸ்டைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் அது இருக்காது.