படகில் உறங்கிய இயேசு: ஒரு சந்தேகம்

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் கணவருக்கு எட்டு மாதங்களாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் மாற்கு சுவிசேஷம் 4-ஆம் அதிகாரத்தில், இயேசுவும் சீஷர்களும் சென்ற படகு புயலில் சிக்கிய பகுதியை வாசித்து, "ஆண்டவர் உங்கள் படகில் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். படகில் தண்ணீர் நிரம்பும்போதும் அவர் தலையணை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார் என்பதே என்னை உறுத்துகிறது. "ஏன் உங்களுக்கு விசுவாசம் இல்லாமற்போயிற்று" என்ற கேள்வியும், இரவில் அழுகிற என்னைப் பார்த்தே கேட்டதுபோல் இருக்கிறது. இந்தப் பகுதியை எப்படி வாசிப்பது?

மறுமொழி 1:
சகோதரி, வசனங்களின் வரிசையைக் கவனியுங்கள். சீஷர்கள் ஜெபிக்கவில்லை, 38-ஆம் வசனத்தில் "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று குறைதான் சொன்னார்கள். அந்தக் குறைக்கே அவர் எழுந்தார். 39-ஆம் வசனத்தில் காற்றை அதட்டி, கடல் அமர்ந்த பிறகே, 40-ஆம் வசனத்தில் விசுவாசத்தைப் பற்றிக் கேட்கிறார். முதலில் விசுவாசத்தைக் காட்டு, பிறகு உதவுகிறேன் என்று அவர் பேரம் பேசவில்லை.

மறுமொழி 2:
சீஷர்களுடைய பயத்தைக் கோழைத்தனம் என்று பிரசங்கிப்பதை நான் ஏற்பதில்லை. அவர்கள் படகு சென்ற கலிலேயாக் கடல் என்பது கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 210 மீட்டர் கீழே, குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கும் ஏரி. மேட்டிலிருந்து இறங்கும் காற்று அதைத் திடீரெனக் கொந்தளிக்கச் செய்யும். 1986-இல் நீர் வற்றிய கரையில் கிடைத்த, ஏறக்குறைய அக்காலத்தைச் சேர்ந்த படகின் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்றே அதிகம். பேதுருவும் அந்திரேயாவும் யாக்கோபும் யோவானும் அந்த ஏரியிலேயே வலை வீசிப் பிழைத்தவர்கள். ஆபத்து இன்னதென்று அறிந்தே அஞ்சினார்கள். மருத்துவ அறிக்கையைப் படித்துவிட்டு நீங்கள் அஞ்சுவதும் அப்படிப்பட்டதுதான்.

மறுமொழி 3:
முதல் மறுமொழியில் ஒரு திருத்தம். அந்த வரிசை மாற்குவிலும் லூக்காவிலும் உண்டு. மத்தேயு 8:26-இலோ அவர் முதலில் "அற்பவிசுவாசிகளே" என்கிறார், பிறகுதான் காற்றை அதட்டுகிறார். ஆகவே வரிசையை மட்டும் பற்றிக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் கடிந்துகொண்ட பிறகும் அவர் அவர்களைக் கைவிடவில்லை என்பது மூன்று சுவிசேஷங்களுக்கும் பொது. எனக்குக் கைகொடுத்தது மாற்கு 9:24. நோயுற்ற மகனின் தகப்பன், "விசுவாசிக்கிறேன்" என்று சொன்ன அதே மூச்சில், தன் அவிசுவாசம் நீங்க உதவும்படியும் கண்ணீரோடு கேட்கிறான். இயேசு அந்த அரைகுறை ஜெபத்தைத் திருப்பி அனுப்பவில்லை. இதற்காக உங்கள் கணவர் கட்டாயம் குணமாவார் என்று வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை, சகோதரி.

கேட்டவர்:
வாக்குக் கொடுக்காமல் இருந்ததற்கே முதலில் நன்றி, ஐயா. இன்று டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது 38-ஆம் வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "ஆண்டவரிடம் இப்படியெல்லாம் கேட்கலாமா?" என்றார். "கேட்டிருக்கிறார்களே" என்றேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.