டேப் மாத்தினாலும் வியூ கன்ட்ரோலர் மெமரியை விட மாட்டேங்குது

குளச்சல்_கோடர்:
நம்ம கன்னியாகுமரி மாவட்டச் சுற்றுலாவுக்கு ஒரு ஐபோன் ஆப், யூஐகிட்ல (ஆப்பிளோட திரை அமைக்கிற கருவித்தொகுப்பு). மூணு டேப்: ஒண்ணு படங்கள் (திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், வட்டக்கோட்டை), ரெண்டு மேப், மூணு விவேகானந்தர் பாறைக்குப் படகு நேரம். படங்கள் டேப்பைத் திறந்ததும் மெமரி எகிறுது. வேற டேப்புக்குப் போனாலும் இறங்கல, டீஇனிட்டும் (ஆப்ஜெக்ட் மெமரியை விட்டுப் போகும்போது ஓடுற கோடு) வரல. பழைய வியூ கன்ட்ரோலரை (ஒரு திரையை நடத்துற ஆப்ஜெக்ட்) எப்படி விடுவிக்க, அண்ணன்மாரே?

தக்கலை_டெவ்:
தம்பி, டீஇனிட் வராதது பிழையே இல்ல. டேப் பார் கன்ட்ரோலர் தன் பிள்ளைகளை, அதாவது ஒவ்வொரு டேப்போட கன்ட்ரோலரையும், மெமரியை விட்டுப் போக விடாம ஸ்ட்ராங்காப் பிடிச்சிருக்கும். டேப் மாறினா வியூ திரையிலிருந்து விலகும், அவ்வளவுதான். பழைய பதில்கள்ல வியூடிட்அன்லோட்னு (வியூவை மெமரியிலிருந்து இறக்கினதும் ஓடுற மெத்தட்) சொல்லியிருப்பாங்க. அது 2012ல ஐஓஎஸ் 6 வந்தப்பவே போயாச்சு.

உங்க பாரம் படத்துலதான் இருக்கு. ஜேபெக் ஃபைல் 3 எம்பிதானேன்னு நினைக்காதீங்க. 4032 × 3024 படம் திரைக்கு வரும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட், அதாவது சுமார் 49 எம்பி. கட்டம் 120 பாயின்ட்னா 3எக்ஸ் திரையில 360 பிக்சல் போதும். ஆப்பிளோட பட லைப்ரரி இமேஜ்ஐஓவோட தம்ப்நெயில் வழியில அந்த அளவுக்கே டீகோட் பண்ணுங்க, 0.4 எம்பிக்குள்ள முடிஞ்சிரும். முழுப் படத்தை ஏத்திட்டு அப்புறம் சுருக்கினா அந்த 49 எம்பியைத் தொட்டுட்டுத்தான் வரும். சின்னப் படங்களை டிக்ஷனரியில வைக்காம என்எஸ்கேஷ்ல வைங்க, நெருக்கடியில அதுவே விட்ரும்.

முட்டம்_லைட்ஹவுஸ்:
படகு நேரத்துக்கு டைமர் ஓடுதா? டார்கெட் கொடுத்து ஆரம்பிச்ச டைமர் அந்த கன்ட்ரோலரைப் பிடிச்சுக்கும். திரை வரும்போது ஓடுற வியூவில்அப்பியர்ல ஆரம்பிச்சு, திரை மறைஞ்சதும் ஓடுற வியூடிட்டிஸ்அப்பியர்ல இன்வாலிடேட் பண்ணி நிறுத்துங்க. டீஇனிட்ல நிறுத்தலாம்னு எழுதினா அந்த வரி ஓடவே ஓடாது. புஷ் பண்ணின விவரப் பக்கம் பேக் அடிச்சதும் டீஇனிட் ஆகணும். ஆகலேன்னா அதுதான் நிஜமான லீக், அதாவது தேவை முடிஞ்சும் விடாத மெமரி. கிளோஷர்ல (அப்புறமா ஓடுறதுக்குக் கொடுத்து வைக்கிற கோடு துண்டு) கன்ட்ரோலரைப் பிடிச்சு வைக்காம இருக்கப் போடுற வீக் செல்ஃப் விட்டுப்போச்சான்னு எக்ஸ்கோடு மெமரி கிராஃப்ல பாருங்க. ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் வாங்க. முதல் தடவை ஏறி அப்படியே நின்னா கேஷ், ஒவ்வொரு தடவையும் ஏறினா லீக்.

குளச்சல்_கோடர்:
படம் சரியாயிட்டு. மேப் டேப்பை மட்டுமாவது இறக்கலாமா?

தக்கலை_டெவ்:
இறக்கலாம். டேப்ல ஒரு வெறும் கன்டெய்னர் கன்ட்ரோலரை வச்சு, மேப்பை அதுக்குச் சைல்டாச் சேருங்க. டேப் பார் டெலிகேட்டோட டிட்செலக்ட்ல வேற டேப் வந்தா வில்மூவ் நில், ரிமூவ்ஃப்ரம்சூப்பர்வியூ, ரிமூவ்ஃப்ரம்பேரன்ட், கடைசியா மேப்பை வச்சிருக்கிற ப்ராப்பர்ட்டிக்கும் நில் (வெறுமை, nil). இதை வியூடிட்டிஸ்அப்பியர்ல எழுதிராதீங்க, முழுத்திரை மோடல் (தற்காலிகமா மேல வர்ற பக்கம்) வந்தாலே மேப் காணாமப் போயிரும். ஜூமும் மையப்புள்ளியும் வெளியில சேமிச்சு வைங்க, இல்லேன்னா திரும்பி வர்றவங்க மேப்பை மறுபடி முதல்ல இருந்து தேடணும்.