வீட்டில் துப்பாக்கி வைக்க இரும்புப் பெட்டகம்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

கேள்வி: அம்பாசமுத்திரம் வட்டாரத்து விவசாயி

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். என் தகப்பனாருக்கு எழுபது வயது கடந்துவிட்டதால், அவர் பெயரில் உள்ள 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் உரிமத்தை என் பெயரில் பெற விண்ணப்பித்திருக்கிறோம். இதுநாள்வரை அந்தத் துப்பாக்கி அப்பாவின் அறையில், தேக்குமர அலமாரிக்குள், துணி உறையில் வேட்டிகளுக்குப் பின்னால் நிற்கிறது. சாவி அலமாரியின் தலைமேல் கிடக்கும். அப்போது வீட்டில் சிறுபிள்ளைகள் இல்லை. இப்போது எனக்கு எட்டு வயதில் மகனும் ஐந்து வயதில் மகளும் இருக்கிறார்கள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுவது மகனுக்கு அன்றாட வேலை. உரிமம் என் பெயருக்கு வருவதற்கு முன்பே சரியான பெட்டகம் ஒன்றை வீட்டில் பொருத்திவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைகளில் எண் அழுத்தித் திறக்கும் சிறிய பெட்டகங்களைப் பார்த்தேன். கைரேகை வைத்துத் திறப்பதும் இருக்கிறது. தீப்பிடித்தாலும் தாங்கும் என்று சொல்லி மூன்று மடங்கு விலையில் ஒன்றைக் காட்டினார்கள். எங்கள் வீடு தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர் வீடு. பின்கட்டு மட்டும் பிற்பாடு கான்கிரீட் தளம் போட்டுக் கட்டியது. வாய்க்கால் பக்கத்தில் இருப்பதால் கார் பருவத்தில் சுவரில் ஓதம் ஏறும். இந்த நிலையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

தம்பிக்கு வணக்கம். வங்கியில் இருந்த காலத்தில் கிளைகளுக்குப் பெட்டகம் வாங்குவதும் பொருத்துவதும் என் பொறுப்பில் இருந்தன. உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றும் என்னிடம் உண்டு. உங்கள் தகப்பனார் இருக்கும்போதே உரிமத்தை மாற்றுவது நல்ல முடிவு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ அவர் அந்த ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது வாரிசு விண்ணப்பிக்க இடம் தருகின்றன.

கடைக்குப் போகும் முன் அளவுநாடாவை எடுங்கள். இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழல் மட்டும் 28 அங்குலம் இருந்தால் 71 சென்டிமீட்டர், 30 என்றால் 76, 32 என்றால் 81. கட்டையோடு சேர்த்தால் முழு நீளம் ஏறக்குறைய 115 முதல் 125 சென்டிமீட்டர் வரை வந்துவிடும். நீங்கள் பார்த்த சிறிய பெட்டகங்கள் நகைக்கும் பத்திரத்துக்கும் செய்யப்பட்டவை. மூலைக்கு மூலை சாய்த்தாலும் குழல் அவற்றில் அடங்காது. ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள். துப்பாக்கியை முழுதாக நிறுத்தும் உயரமான பெட்டகம் ஒன்று. முன்கட்டை, குழல், பின்கட்டை என்று மூன்றாகப் பிரித்து, உள்ளுயரம் 85 சென்டிமீட்டருக்குக் குறையாத பெட்டகத்தில் வைப்பது மற்றொன்று. வாரம் ஒருமுறைகூட வெளியே எடுக்காத துப்பாக்கி என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் எப்படியோ ஒருநாள் கதவு திறந்துகிடந்தாலும், பிள்ளையின் கைக்குக் கிடைப்பது சுடக்கூடிய துப்பாக்கியாக இருக்காது.

அடுத்தது தகடு. வீட்டுப் பீரோவின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. உளியும் சுத்தியலும் இருந்தால் அதைக் கிழித்துவிடலாம். உடல் 3 மில்லிமீட்டராவது, கதவு 5 அல்லது 6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். தகட்டின் கனத்தைவிடக் கதவு உட்காரும் விதத்தை அதிகமாகக் கவனியுங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே நெம்புகோலின் முனை நுழையும் சந்து இருந்தால் எவ்வளவு கனமான தகடும் பயன்படாது. கீலை அறுத்தாலும் கதவு கழன்று விழாதபடி கீல் பக்கத்திலும் தாழ்க்கம்பிகள் இருக்க வேண்டும். தயாராக விற்கும் பெட்டகமானால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 550 தரம் பதித்திருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டுச் சரக்கில் ஈ.என். 14450 என்ற ஐரோப்பியத் தரமோ யூ.எல். 1037 என்ற அமெரிக்கத் தரமோ இருக்கும். யூ.எல். 1037 என்பது, சாதாரணக் கைக்கருவிகளோடு ஒருவர் ஐந்து நிமிடம் முயன்றும் திறக்க முடியவில்லை என்ற அளவுக்கான உறுதிதான். அதற்குமேல் அதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது, அதனால்தான் பொருத்தும் இடமும் விதமும் பெட்டகத்துக்குச் சமமான முக்கியத்துவம் பெறுகின்றன.

130 சென்டிமீட்டர் உயரம், 40 அகலம், 35 ஆழம் கொண்ட 3 மில்லிமீட்டர் பெட்டியின் தகட்டு எடை கணக்குப்படி 52 கிலோதான். கனமான கதவும் சட்டமும் சேர்ந்தால் எழுபது கிலோவை ஒட்டி வரும். இரண்டு பேர் சரக்கு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எனவே, உள்ளிருந்து முடுக்கும் 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் நான்கைக் கான்கிரீட்டில் இறக்கியே ஆக வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் விரிந்து பிடிக்கும் போல்ட்டை இறக்காதீர்கள். முடுக்க முடுக்கக் காரை உதிர்ந்து துளைதான் பெரிதாகும். பின்கட்டுக் கான்கிரீட் தரையே உங்களுக்கு ஏற்ற இடம். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது எத்தனை வீடுகளில் பீரோக்கள் தண்ணீரில் நின்றன என்பது நம் அனைவருக்கும் தெரியும். வாய்க்கால் பக்கத்து வீடு என்பதால், தரையோடு கம்பி கோத்து இரண்டடி உயரக் கான்கிரீட் மேடை எழுப்பி, அதன்மேல் பொருத்துங்கள்.

தீத்தடுப்புப் பெட்டகத்தை இந்த வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பலவற்றின் உட்சுவரில் ஜிப்சம் பலகை இருக்கும். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர். தீயின்போது அந்த நீர் ஆவியாகித்தான் உள்ளே சூட்டைத் தணிக்கிறது. காகிதத்துக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் ஓதம் ஏறும் வீட்டில், அடைத்தே கிடக்கும் பெட்டிக்குள் அந்தப் பலகை இரும்புக்கு நல்ல துணையல்ல.

பதில் 2: செங்கோட்டை, உரிமதாரர்

அண்ணாச்சி சொன்ன ஓதத்தைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாரல் அடிக்கும் எங்கள் ஊரில் துப்பாக்கிக்குத் திருடனைவிடத் துருதான் முதல் எதிரி. உறவினர் ஒருவர் புதிதாக வாங்கிய பெட்டகத்தின் உட்புறம் முழுவதும் பச்சை வெல்வெட் ஒட்டியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆவணி மாதம் துப்பாக்கியை வெளியே எடுத்தபோது, குழல் வெல்வெட்டில் சாய்ந்திருந்த இடத்தில் மட்டும், நூல் பிடித்துக் கோடு போட்டதுபோல் செம்பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. துணி, பஞ்சு, தோல் ஆகியவை எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்பவை. தம்பி, உங்கள் அப்பா வைத்திருக்கும் துணி உறையை எடுத்துச் செல்லும்போது மட்டும் பயன்படுத்துங்கள். பெட்டகத்துக்குள் அது வேண்டாம். குழல் படும் இடத்தில் ஒரு மரத்துண்டைக் குடைந்து வைத்தால் போதும்.

உள்ளே ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதை அளக்கும் சிறிய கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது; கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை அரைக்கிலோ வாங்கித் துணிப்பையில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, நிறம் மாறியதும் வெளியே எடுத்துச் சூடேற்றி உலர்த்தினால் மீண்டும் பயன்படும். பெட்டகத்தின் முதுகு சுவரைத் தொடாமல் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். குழலை வெறுங்கையால் தொட்டால், விரலின் வியர்வை உப்பு பட்ட இடம் சாரல் காலத்தில் சில நாட்களிலேயே துருப்பிடிக்கும். எண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். அதற்குத் தேங்காய் எண்ணெய் கூடாது. தாவர எண்ணெய்கள் நாட்பட்டால் சிக்குப் பிடித்து, இயங்கும் பாகங்களில் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயையே வாங்குங்கள். முழுதாக நிறுத்துபவர்கள் குழல்வாய் கீழே இருக்குமாறு நிறுத்தினால், எண்ணெய் வடிந்து கட்டையின் மரத்தில் ஊறாது.

தேர்தல் அறிவித்தவுடன் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்பிவர இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். ஒப்படைக்கும் முன் உள்ளும் புறமும் தாராளமாக எண்ணெய் பூசி, வரிசை எண் எழுதிய ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் காலிப் பெட்டகத்தின் கதவைத் திறந்துவைத்தால் அதுவும் உலரும்.

பதில் 3: முக்கூடல், முன்னாள் ராணுவவீரரின் மனைவி

என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் வங்கிக் காவலராகப் பணியாற்றுகிறார். துப்பாக்கி நாள்தோறும் வெளியே போய் வீட்டுக்கு வருகிறது. அதனால், வீட்டிலிருக்கும் பெண்ணின் நிலையிலிருந்து பூட்டைப் பற்றியும் சாவியைப் பற்றியும் சொல்கிறேன்.

கைரேகைப் பூட்டை வாங்காதீர்கள், தம்பி. எங்கள் ஊரில் பீடி சுற்றும் பெண்களுக்கு ரேஷன் கடைக் கருவியில் ரேகை பதியாமல் போவதை அன்றாடம் பார்க்கிறோம். மண்வெட்டி பிடிக்கும் விவசாயியின் விரலும் அப்படித்தான். ரேகை பதியாவிட்டால் திறப்பதற்கென்று ஒரு மாற்றுச் சாவி தருவார்கள், விலை குறைந்த பெட்டகங்களில் அந்தச் சாவித்துளைதான் இருப்பதிலேயே பலவீனமான இடம். எண் பூட்டாக இருந்தால், கடையிலிருந்து வரும்போது அதில் இருக்கும் எண்ணையும், தனியாக முதன்மை எண் இருந்தால் அதையும், வந்த அன்றே மாற்றிவிட வேண்டும். பிறந்தநாள், வண்டி எண், கைபேசியின் கடைசி நான்கு எண்கள் ஆகியவை எல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தவை. என்னைக் கேட்டால், சாவி உள்ளிருக்கும் தகடுகளைச் சரியாகத் தூக்கினால்தான் திறக்கும் நல்ல லீவர் பூட்டும், நீளச் சாவியும் போதும்.

சாவி உரிமதாரரிடம் மட்டும் இருக்க வேண்டும். பூஜை அறையிலோ அரிசிப் பானையிலோ வைத்தால் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்காது. அவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். எங்கள் வீட்டில் நகையையும் பத்திரத்தையும் துப்பாக்கிப் பெட்டகத்துக்குள் வைப்பதில்லை என்று உறுதியாக இருக்கிறோம். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் நகை எடுக்க நாலு பேர் முன்னிலையில் திறக்கும் பெட்டியாக அது ஆகிவிடக் கூடாது. தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டும் தனிச் சாவியும் உள்ள சிறிய பெட்டி வேண்டும். உள்ளே வைக்கும் முன் குழலை மடக்கி, தோட்டா நுழையும் இரண்டு அறைகளும் காலியாக இருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தடவிப் பாருங்கள். என் கணவர் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை.

உரிமதாரருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதால், குடும்பத்தார் அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். மாற்றுச் சாவியை அரக்கு முத்திரையிட்ட உறையில் வங்கி லாக்கரில் வைத்து, அது அங்கே இருப்பதை ஒருவருக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். வீட்டைப் பூட்டிவிட்டு நெடுநாள் வெளியூர் போகும்போதும், ஆயுதங்களைப் பாதுகாப்பில் வைக்க உரிமமுள்ள வணிகரிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. திருட்டுப் போனால் உடனே காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று. நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

கேள்வி கேட்டவர்

அண்ணாச்சிக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. குழலை அளந்தேன், 30 அங்குலம் இருக்கிறது. பிரித்து வைக்கும் பெட்டகம் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த அளவில் தயாராகக் கிடைப்பவை என் கைக்கு எட்டாத விலையில் இருப்பதால், பட்டறையில் சொல்லிச் செய்யலாமா என்று யோசிக்கிறேன். அக்கா சொன்ன, தோட்டாக்களுக்கான சிறிய பெட்டிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

பதில் 4: பேட்டை, வெல்டிங் பட்டறை நடத்துபவர்

தாராளமாகச் செய்யலாம், ஆனால் பூட்டைப் பட்டறையில் செய்யச் சொல்லாதீர்கள். பெட்டகத்துக்கென்றே பெயர்பெற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் லீவர் பூட்டை நீங்களே வாங்கி, சாவிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, பூட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள்; அளவு பார்க்கச் சாவி தேவைப்பட்டால் அப்போது நீங்கள் உடனிருங்கள். பூட்டுக்கு முன்னால், கதவின் உட்புறத்தில், 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கடினத் தகட்டைக் கூடுதலாகப் பற்றவைக்கச் சொன்னால் துளையிடுவது கடினமாகும்.

உடலை நான்கு தனித் தகடாக வெட்டி ஒட்டாமல், ஒரே தகட்டை மடித்துச் செய்யச் சொல்லுங்கள். மூலையில் பற்றவைப்புக் குறைந்தால் அடிக்கும் அடியெல்லாம் அங்கேதான் போய் நிற்கும். பற்றவைப்பு விட்டுவிட்டுப் புள்ளியாக இல்லாமல், உட்புறம் முழுநீளத்துக்கும் ஓட வேண்டும். கதவு வெளியே துருத்தாமல் சட்டத்துக்குள் அமர வேண்டும், பின்னால் கதவு முட்டி நிற்கும் பட்டைகள் இருக்க வேண்டும். பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பாருங்கள், ஏனென்றால் பட்டியும் பெயின்ட்டும் ஏறிவிட்டால் பற்றவைப்பின் குறை கண்ணுக்குத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டு, ஓரத்தைச் சுற்றிலும் ஒரு ஹாக்ஸா பிளேடை நுழைத்துப் பாருங்கள். எங்காவது தளர்வாகப் போனால் பட்டையை மாற்றச் சொல்லுங்கள்.

போல்ட் துளைகளை அடித்தட்டில் முன்கூட்டியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் தகடும் வைக்கச் சொல்ல வேண்டும். எனாமல் பெயின்ட் என்றால் ஒரு வாரமாவது கதவைத் திறந்துபோட்டு, வாசனை முழுவதும் போனபிறகே துப்பாக்கியை உள்ளே வையுங்கள். வேலை கொடுக்கும்போது எதற்கான பெட்டி என்று பட்டறையில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அளவைச் சொன்னால் போதும்.