லீவு முடிஞ்சும் பாப்பா தூங்க மாட்டேங்குறா

லீவுக்கு அம்மா வீட்ல பசங்களோட ஆட்டம் போட்டு என் 4 வயசு பொண்ணு ராத்திரி 12 வரைக்கும் முழிச்சே பழகிட்டா, இப்போ ஸ்கூல் திறக்கப்போகுது, 9 மணிக்கு படுக்க வெச்சா தண்ணி, பாத்ரூம், இன்னொரு கதைன்னு இழுத்துட்டே இருக்கா. என்ன பண்ணலாம்?

பதில்: ராத்திரிய விடுங்க சிஸ், காலைல இருந்து ஆரம்பிங்க. எப்போ தூங்கினாலும் ஸ்கூல் டைமுக்கு எழுப்பி மொட்டமாடி வெயில்ல கொஞ்சம் விளையாட விடுங்க, படுக்குற நேரத்த தினம் 15 நிமிஷம் முன்னாடி கொண்டு வாங்க, ஒரே நாள்ல 9க்கு வராது.

பதில்: மதியத் தூக்கம் 3 மணிக்கு மேல போகுதா? எங்க வீட்ல அதான் வில்லன்.

பதில்: மதியத் தூக்கத்தையே நிறுத்திடாதீங்க, இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 10-13 மணி நேரம் வேணும். படுக்க ஒரு மணி நேரம் முன்னாடி டிவி, போன் எல்லாம் ஆஃப், தாத்தா போனும்தான்!